ஆகஸ்டு பதினைந்துக்கு வருகிறவர்

1968ஆம் ஆண்டு ஆகஸ்டு பதினைந்தாம் தேதி பகல் பன்னிரண்டரை மணிக்கு, செத்துப் பத்து மாதமாகியிருந்த கோவிந்தராசு, மாயவரத்தில் முகம்மது யூசுப் வீட்டுக்கு விருந்துக்கு வந்தார். அன்று ஆட்டுக்கறி கிலோ ஐந்தரை ரூபாய். காவிரியில் தண்ணீர் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. வாசல் வழியாக வராமல் கொல்லைப்புறச் சந்து வழியாக வந்தவர், கதவைத் தட்டாமல் நின்றார். முழங்கால் வரை வயல்சேறு. மேல்துண்டு நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அவர் மனைவி வேம்பு நிமிர்ந்து பார்த்தாள். கையிலிருந்த அண்டா நழுவிக் கல்லில் விழுந்தது. அந்த அண்டாவில் விழுந்த நெளிவு கடைசிவரை நிமிரவில்லை.

வேம்புக்கு அப்போது இருபத்தைந்து வயது. குத்தாலத்துக்கு நாலு மைல் தள்ளி அரசந்திடல் என்ற ஊர். கோவிந்தராசு அங்கே மேலப்பண்ணையின் வயல்களில் வேலை செய்தவர், விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கு முன்னால் நின்றவர். அது 1967, சென்னையில் ஆட்சி மாறி ஏழு மாதம் ஆகியிருந்தது. ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்ற பேச்சு சென்னையையும் கோயம்புத்தூரையும் தாண்டி நெல் விளைகிற ஊருக்கு வந்து சேரவில்லை. அந்த ஆண்டு குறுவை அறுப்பில், கலத்துக்கு அரைப்படி நெல் கூடக் கேட்டார்கள். பண்ணை மறுத்தது, வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கியது, களத்தில் தள்ளுமுள்ளு நடந்தது, பண்ணைக் காரியக்காரருக்குக் கையில் வெட்டு விழுந்தது. மறுநாள் விடியற்காலை மதகைப் பார்த்து வருகிறேன் என்று போன கோவிந்தராசு திரும்பவில்லை. போலீஸ் அவரை முதல் எதிரியாகப் போட்டு, தலைமறைவு என்று எழுதியது. ஐப்பசி மழையில் பண்ணை ஆட்கள் குடிசையைப் பிரித்துப் போட்டார்கள். வேம்பு நாலு வயது மகள் அம்சத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மாயவரம் வந்து, ஒரு ரைஸ்மில்லில் அவித்த நெல்லைக் காயவைக்கும் வேலையில் சேர்ந்தாள். ஆட்டுக்குத் தவிடு வாங்க மில்லுக்கு வந்த ஜன்னத் பீவி, சாக்குமூட்டைமேல் தூங்கிய குழந்தையைப் பார்த்துவிட்டு, தாயையும் மகளையும் தன் வீட்டுக் கொல்லை அறைக்கு அழைத்துக்கொண்டு போனார். தெருவே அவரை லாத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிட்டது. வேம்பும் அப்படியே கூப்பிட்டாள்.

ஜன்னத் பீவியின் கணவர் முகம்மது யூசுப்புக்கு மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் குடைக்கடை. பினாங்கிலிருந்து அவர் வந்த கப்பல் நாகப்பட்டினத்தை அடைந்த நாள் 1947 ஆகஸ்டு பதினைந்து. இறங்கியவருக்கு முன்பின் தெரியாத ஒருவர் கற்கண்டு கொடுத்தாராம். அதிலிருந்து ஆண்டுதோறும் அன்று காலை மொட்டை மாடியில் கொடியேற்றி, நீடூரிலிருந்து உறவுக்காரர்களையும் கடைத்தெரு நண்பர்களையும் அழைத்து நெய்ச்சோறு போடுவது அவர் வழக்கம். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கொடுத்த ஆரஞ்சு மிட்டாயோடு வருவார்கள். கொடியைத் தைத்துக் கொடுக்கும் தையல்காரர் சேக் தாவூது கூடத்தில் பாட்டுப் பாடுவார். நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து ஒரே பெரிய தாலத்தில் சாப்பிடுவார்கள். அதற்கு சஹன் என்று பெயர்.

கொல்லையில் நிற்கிறவரைப் பார்த்த யூசுப், வேம்புவிடம் ஒன்றும் கேட்கவில்லை. "வாங்க, கை கழுவுங்க, நேரமாயிடுச்சு" என்று சொல்லித் தன் தாலத்திலேயே உட்காரவைத்தார். உயிரோடு இருந்த முப்பத்திரண்டு வருஷமும் பண்ணை வாசலில் கொட்டாங்கச்சியில் கூழ் வாங்கிக் குடித்த கோவிந்தராசு, மூன்று பேரோடு ஒரே தாலத்தில் கைவைக்கத் தயங்கினார். சேக் தாவூது கறியைப் பிய்த்து அவர் பக்கம் தள்ளினார். பிறகு அவர் நிறையச் சாப்பிட்டார். அவர் உட்கார்ந்த இடத்தில் சிமெண்டுத் தரை நனைந்தது. தவளைக்குஞ்சு ஒன்று அவர் துண்டிலிருந்து குதித்து அடுப்படிக்குப் போனது.

சாப்பாட்டுக்குப் பிறகு கிணற்றடியில் வேம்பு அவரை உட்காரவைத்து அழுதாள், திட்டினாள், எங்கே ஒளிந்திருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

"ஒளியல புள்ள. பண்ணையிலதான் இருக்கேன். நடவு. நாத்து முடியவே மாட்டேங்குது. இன்னிக்கி என்னமோ எல்லாருக்கும் லீவுன்னு விட்டாங்க. பொழுது எறங்கறதுக்குள்ள போயிடணும்."

"பொண்டாட்டி புள்ள இருக்கிற நெனப்பு இல்லையா உங்களுக்கு?"

"நெனப்பு இருந்ததாலதான வந்தேன். பின்னந்தலதான் கொஞ்சம் கனமா இருக்கு. எண்ணெ இருந்தா வையி."

வேம்பு எண்ணெய் எடுத்து வந்து முடியைப் பிரித்தாள். பின்மண்டை ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்திருந்தது. ரத்தம் இல்லை, வண்டல் இருந்தது. அதில் ஒரு நெல்மணி முளைத்து வெள்ளையாக வேர் விட்டிருந்தது. அவள் விரல் அங்கேயே நின்றுவிட்டது. முன்னால் அவர் அம்சத்துக்கு ஓலையில் காற்றாடி செய்துகொண்டிருந்தார். வேம்பு முளையைக் கிள்ளாமல், சுற்றிலும் எண்ணெய் தடவி, முடியால் மூடி, "சரியாப் போயிடும்" என்றாள். மாடியில் யூசுப் கொடியை இறக்கியதும் கோவிந்தராசு எழுந்து, வந்த சந்து வழியாகவே போனார்.

"வேம்பு, உன் வீட்டுக்காரரு கண்ணே சிமிட்டலடி" என்றார் ஜன்னத் பீவி.

"தெரியும் லாத்தா. அவருக்குத்தான் தெரியாது. யாரும் சொல்லிடாதீங்க."

சொன்னால் வரமாட்டார் என்று அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. வீட்டார் ஒப்புக்கொண்டார்கள். கேட்டவர்களுக்கு, குத்தாலத்துப் பக்கம் வேண்டப்பட்டவர் என்று யூசுப் பதில் சொன்னார்.

அப்படி ஆண்டுதோறும் வந்தார். மற்ற நாட்களில் வேம்பு தலைமறைவாகப் போனவனின் மனைவி. மில்லில் பொட்டு வைத்துக்கொண்டு வேலை செய்தாள், முதுகுக்குப் பின்னால் பேசுகிறவர்களைப் பேசவிட்டாள். நில உச்சவரம்பு முப்பது ஏக்கரிலிருந்து பதினைந்தாகக் குறைந்தபோது, மேலப்பண்ணை தன் நிலத்தைச் சமையல்காரர் பெயரிலும், கணக்குப்பிள்ளையின் மாமியார் பெயரிலும், எப்போதோ இறந்துபோன இரண்டு அத்தைமார் பெயரிலும் எழுதிவைத்தது. தாலுகா காகிதத்தில் அந்த அத்தைமார் உயிரோடு இருந்து கையெழுத்துப் போட்டார்கள். கோவிந்தராசும் காகிதத்தில் உயிரோடுதான் இருந்தார், பிடிவாரண்டு இருந்தது.

அந்த வாரண்டோடு 1972இல், வெள்ளி விழா அணிவகுப்பு முடிந்த கையோடு, கான்ஸ்டபிள் செல்லதுரை வந்தார். சுதந்திர தினத்தில் குற்றவாளி குடும்பத்தைப் பார்க்க வருவான் என்று யாரோ எழுதிப் போட்டிருந்தார்கள். கஞ்சி மொடமொடக்கும் உடுப்போடு கூடத்துக்குள் நுழைந்து, தாலத்தின் முன் உட்கார்ந்திருந்த கோவிந்தராசுவின் தோளில் கைவைத்தார். கை மணிக்கட்டு வரை உள்ளே போனது. எடுத்துப் பார்த்தபோது விரல்களில் களிமண்ணும் ஒரு நத்தையும் இருந்தன. செல்லதுரை விரல்களை மூக்கருகே கொண்டுபோனார். அவருடைய அப்பாவும் திருக்கடையூர்ப் பக்கம் ஒரு பண்ணையில் நடவுக்கு முன்னேர் பூட்டியவர். அந்த மண்ணின் வாசனை அவருக்குத் தெரியும். தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"பாய், ஒரு ஆளுக்கு இடம் இருக்குமா?" என்று கேட்டார்.

அதிலிருந்து அவரும் ஆண்டுதோறும் வந்தார். தேடுதலுக்குப் போனதாகவும், எதிரி வீட்டில் இல்லை என்றும், உயிரோடு வெளியூரில் நடமாடுவதாக நம்பப்படுவதாகவும் எழுதிவைப்பார். தேடுகிற வரையில்தான் தனக்கு அந்த வீட்டுக்கு வரக் காரணம் இருக்கும் என்பது அவர் கணக்கு.

1975இல் வேம்புக்கும் கோவிந்தராசுவுக்கும் ஒரே வயதானது. அவர் அதே முப்பத்திரண்டில் இருந்தார். அந்த ஆண்டு வேம்பு யூசுப்பிடம் போய், கொடியை இறக்காமல் விட்டால் என்ன பாய் என்று கேட்டாள். சட்டப்படி தப்பு என்று தெரிந்தும் யூசுப் மறுக்கவில்லை. சூரியன் சாயச்சாய, கூடத்தில் உட்கார்ந்திருந்த கோவிந்தராசு பேச்சை நிறுத்தினார். சிமெண்டுத் தரை அவர் காலைச் சுற்றி இளகியது. கணுக்கால் உள்ளே போனது, கெண்டைக்கால் போனது, மூலையிலிருந்தெல்லாம் தண்ணீர் கசிந்து பாயின் ஓரத்தைத் தூக்கியது. அவர் வலிப்பதாகச் சொல்லவில்லை. "என்னைக் கூப்புடறாங்க புள்ள" என்று மட்டும் சொன்னார். வேம்பு மாடிப்படியில் விழுந்து எழுந்து ஓடித் தானே கொடியை இறக்கினாள். கூடத்தின் அந்த இடம் பிறகு எத்தனை முறை பூசியும் பொறுக்குத் தட்டாத சேறாகவே இருந்தது. அதன்மேல் ஒரு பலகை போட்டு நடந்தார்கள்.

எழுபத்தெட்டிலும் எழுபத்தொன்பதிலும் சுதந்திர தினம் நோன்புக்குள் வந்தது. வீட்டார் வாயில் பச்சைத் தண்ணீர் படாமல் சுற்றி உட்கார்ந்து, ஏட்டாகப் பதவி உயர்ந்திருந்த செல்லதுரைக்கும் கோவிந்தராசுவுக்கும் பரிமாறினார்கள். மேலப்பண்ணையின் பெரியவர் எழுபத்தொன்பதில் படுக்கையில் இறந்தார். மாயவரத்தின் பெயர் எண்பத்திரண்டில் மயிலாடுதுறை ஆனது. யூசுப்பின் மகன்கள் துபாய் போனார்கள். கடையில் ஜப்பான் குடை வந்தது. ஒவ்வொரு ஆண்டும் கோவிந்தராசு, "இந்த வருசமும் நடவு முடியல" என்றார். ஒவ்வொரு ஆண்டும் வேம்பு அவர் தலைக்கு எண்ணெய் வைத்தாள்.

அம்சம் வளர்ந்து ஆசிரியர் பயிற்சி முடித்தாள். 1984 ஆடியில், ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் வேலைக்கு அவள் பெயர் வந்தது. போலீஸ் சரிபார்ப்பில் நின்றது. தகப்பன் கொலைமுயற்சி வழக்கில் முதல் எதிரி, பதினேழு ஆண்டாகத் தலைமறைவு. ஏட்டு செல்லதுரை தானே வந்து கிணற்றடியில் உட்கார்ந்து சொன்னார்.

"ரெண்டே வழிதான்மா. ஒண்ணு, அவரு கோர்ட்டுல வந்து நிக்கணும். இல்லேன்னா செத்துட்டாருன்னு காயிதம் வேணும்."

"ஏழு வருசம் காணாமப் போனா எழுதிக் குடுப்பாங்கன்னு சொல்றாங்களே ஏட்டய்யா?"

"குடுப்பாங்க. ஆனா நான் வருசா வருசம் உசுரோட இருக்கார்னு எழுதி வச்சிருக்கேனே." செல்லதுரை தரையைப் பார்த்தார். "இந்த வூட்டுச் சோத்துக்கு ஆசப்பட்டு எழுதினது. இப்ப உன் மவ தலையில வந்து விழுந்துடுச்சு. ஆளு கெடக்கிற எடம் தெரியணும். அது தெரிஞ்சா நான் பாத்துக்கிறேன்."

அம்சம் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "எனக்கு அந்த வேல வேணாம்மா. அப்பா வரட்டும்" என்றாள். நாலு வயதுக்குப் பிறகு அவள் தன் தகப்பனை வருஷத்துக்கு ஒரு பகல் மட்டும்தான் பார்த்திருக்கிறாள். அந்த மூன்று வாரமும் வேம்பு மில்லில் நெல்லைத் துழாவும்போது, காலுக்கடியில் யாரோ இருப்பதுபோல ஓரமாகவே நடந்தாள்.

ஆகஸ்டு பதினைந்து வந்தது. பன்னிரண்டரைக்கு அவர் வந்தார், சாப்பிட்டார். வேம்பு கிணற்றடியில் எண்ணெய்க் கிண்ணத்தோடு அவருக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அவளுக்குப் பாதி நரைத்திருந்தது.

"இந்தாங்க. ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"நீங்க செத்துப் போயிட்டீங்க."

அவர் திரும்பவில்லை. கிணற்றுக்குள் எதுவோ விழுந்து தண்ணீர் ஒருமுறை ஏறி இறங்கியது. அவள் அவர் கையைப் பிடித்து, பின்னந்தலைக்குக் கொண்டுபோய், விரல்களைப் பிளவில் வைத்தாள். அவர் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை தடவிப் பார்த்தார். வரப்பில் எலிவளை பார்க்கிறவன்போலப் பொறுமையாகப் பார்த்தார்.

"எப்ப?"

"அறுவத்தேழு ஐப்பசி. மதகு பாக்கப் போனீங்களே."

"அப்ப நட்டதெல்லாம்?"

வேம்பு எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "நீ இத்தன வருசமா தெரிஞ்சுதான் எண்ணெ வச்சியா?" என்று அவர் கேட்டார். அவள் ஆமாம் என்றாள். "சொன்னா வரமாட்டீங்கன்னு வச்சேன்" என்றாள். பிறகு மகளுக்கு வந்த வேலையைச் சொன்னாள், வாரண்டைச் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை அவர் குனிந்து தன் விரலிடுக்குச் சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சரா?" என்றார்.

"டீச்சரு."

அவர் சிரித்தார். பதினேழு ஆண்டில் அவர் சிரித்தது அன்றுதான். பிறகு, வேலை சொல்கிற குரலில் சொன்னார்: "மதகுக்கு மேற்கால மூணாவது வயலு. அந்த வரப்பு நான் போட்டது, நூல் புடிச்ச மாதிரி நேரா இருக்கும். இப்ப நடுவுல ஒரு எடத்துல வளைஞ்சு கெடக்கு. ஏன்டா வளைஞ்சிச்சுன்னு தெனம் நெனப்பேன். அதுக்கடியில பாருங்க."

அன்று அவர் போகும்போது அம்சம் சந்துமுனை வரை கூடவே போனாள். என்ன பேசினார்கள் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. சந்துமுனையிலிருந்து வந்தவளின் இரண்டு உள்ளங்கையும் ஈரமாக இருந்தன.

செத்தவனைத் தேட வயலைத் தோண்டவேண்டும் என்று மனுப் போட்டால், பண்ணை கோர்ட்டுக்குப் போகும், அதற்குள் எலும்பு இடம் மாறும் என்று செல்லதுரைக்குத் தெரியும். அதனால் அவர் பக்கத்துப் பட்டாக்காரரைக் கொண்டு தாசில்தார் ஆபீசுக்கு வேறு மனு எழுதவைத்தார்: மேற்படி வயலின் வரப்பு, சர்வே வரைபடத்தில் கண்டபடி நேராக இல்லாமல் அடுத்த பட்டாவுக்குள் நாலடி வளைந்திருக்கிறது, அளந்து சரிசெய்ய வேண்டும். மனுவில் தகவலின் ஆதாரம் என்ற இடத்தில், அந்த வரப்பைப் போட்ட ஆள் நேரில் சொன்னது என்று எழுதச்சொன்னார். கோணல் வரப்பு என்றதும் ரெவின்யூ இலாகா பதினோரு நாளில் சங்கிலியோடு வந்துவிட்டது. பெரியவரின் மகன் சின்னப் பண்ணை குடை பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது. "வரப்புதானே, நேராக்கிக்குங்க" என்றார்.

இரண்டடியில் கோவிந்தராசு கிடைத்தார். படுத்த நிலையில் இல்லை. இடுப்பு மடிந்து, முதுகு வளைந்து, கை இரண்டும் கீழே நீண்டு, நடவு நடுகிற ஆளின் வாக்கில் எலும்பு நின்றிருந்தது. விரலெலும்புக்குள் பச்சை நாற்று ஒரு முடி, அன்று காலை பறித்ததுபோல. சர்வேயர் தன் குறிப்பில் அதையும் எழுதினார்: மனித எலும்புக்கூடு ஒன்று, மண்டையில் பிளவு, நாற்று முடி ஒன்று, வரப்பு நேராக்கப்பட்டது. கரையில் நின்ற பழைய ஆட்கள் துண்டை இடுப்புக்கு இறக்கினார்கள். வேம்பு வரப்பில் உட்கார்ந்து, முடியில்லாத அந்தப் பின்மண்டையில் கொண்டுவந்திருந்த எண்ணெயைக் கடைசித் துளி வரை ஊற்றினாள். சின்னப் பண்ணை குடையை மடக்கி, மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனார். வெட்டியது யார் என்று கேட்க, செத்துப்போன பெரியவர் ஒருவர்தான் மிச்சம். காகிதத்தில் அவர் செத்தவராகவே இருந்தார்.

முதல் எதிரி இறந்துவிட்டதால் வழக்கு முடிந்தது. அம்சம் மகனுக்கு மகனாக நின்று கொள்ளி வைத்தாள், சாம்பலைத் துலாக்கட்டத்தில் காவிரியில் கரைத்தாள். கார்த்திகையில் வேலை உத்தரவு வந்தது. கூடத்தில் சேறாகக் கிடந்த இடம் தானாகவே இறுகியது. வேம்பு மட்டும் அந்த இடத்தைத் தாண்டும்போது கால் வைக்காமல் தாண்டினாள். பொட்டு வைப்பதை நிறுத்தலாமா என்று ஜன்னத் பீவியிடம் ஒருநாள் கேட்டாள். "அது உன் நெத்தி" என்றார் அவர்.

1985 ஆகஸ்டு பதினைந்து காலை, வேம்பு மில்லுக்குப் போய்விடலாம் என்று பார்த்தாள், மில் லீவு. யூசுப் மாடியில் கொடியேற்றினார், முட்டிவலியால் நாலு படிக்கு ஒருமுறை நின்று ஏறினார். நீடூர் உறவுக்காரர்கள் வந்தார்கள். அம்சம் தன் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றிவிட்டு மிட்டாயோடு வந்தாள். ஓய்வு பெற்றுவிட்ட செல்லதுரை, வருவதற்கு இனிக் காரணம் இல்லாததால் சந்தில் கொஞ்ச நேரம் நின்று, பிறகு வந்தார். தாலத்தைச் சுற்றி யூசுப், சேக் தாவூது, செல்லதுரை உட்கார்ந்தார்கள். நாலாவது இடம் காலி. யாரும் கையை வைக்கவில்லை. நெய்ச்சோற்றில் ஆவி அடங்கியது. வேம்பு கொல்லை அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

பன்னிரண்டே முக்காலுக்குக் கொல்லைப்பக்கம் யாரோ இருமினார்கள்.

அவள் எழுந்து போய்ப் பார்த்தாள். கோவிந்தராசு இல்லை. ஐம்பது வயது மதிக்கத்தக்க, மெலிந்த, கறுத்த ஒரு ஆள், தலையில் முண்டாசு, மார்பு வரை சேறு. அவருக்குப் பின்னால், தாவணி முந்தியைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி ஒரு பெண். அம்சத்தின் வயதுகூட இருக்காது. அவள் காதில் நெற்கதிர் முளைத்திருந்தது. அந்த ஆள் வாசற்படிக்கு இரண்டடி தள்ளியே நின்று, முண்டாசை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்தார்.

"கோவிந்தராசுன்னு ஒருத்தரு போற வழியில சொல்லிட்டுப் போனாருங்க. இன்னிக்கி இந்த வூட்டுல கூப்புட்டு சோறு போடுவாங்கன்னு."

கூடத்திலிருந்து யூசுப்பின் குரல் கேட்டது: "யாரும்மா அங்க? உள்ள வரச்சொல்லு, சோறு ஆறுது."

"வாங்க" என்றாள் வேம்பு. "கை கழுவுங்க."

அந்த ஆளை நாலாவது இடத்தில் உட்காரவைத்தார்கள். பெண்ணை ஜன்னத் பீவி தன் தாலத்துக்கு அழைத்துக்கொண்டார். அவர்கள் முதல் கவளத்தை எடுக்கும்வரை வேம்பு காத்திருந்தாள். பிறகு இருவருக்கும் நடுவே குந்தி உட்கார்ந்து, கறியை அள்ளி வைத்தபடி, மெதுவாகக் கேட்டாள்: "உங்களுக்கு எந்த ஊரு? எந்த வயலு?"

அடுத்த ஆண்டு ஐந்து பேர் வந்தார்கள், அதற்கடுத்த ஆண்டு ஒன்பது. யூசுப் தஞ்சாவூரிலிருந்து சோறாக்கப் பெரிய தேக்சா ஒன்று வாங்கினார். தெருக்காரர்கள் இதைப் பற்றிப் பேசுவதில்லை. அன்று ஒரு நாள் மட்டும் கொல்லைச் சந்தில் யாரும் சைக்கிள் நிறுத்துவதில்லை, வருகிறவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று.